கோயிலுக்குக் கிளம்பிய வேன்

ஜெனிஷா பல வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். மனநலச் செவிலியர் மேல்பயிற்சியில் சேர்ந்த பிறகு அவளுக்குக் கைவராத ஒரே விஷயம், சும்மா இருப்பது. வகுப்பில் நோயாளியாக நடிப்பவர் வாயைத் திறக்குமுன்னே ஆறுதல் சொல்லிவிடுவாள். "அவங்க பேசட்டும், ஜெனிஷா!" என்று ஆசிரியை ஆனிமேரி தலையில் அடித்துக்கொள்வார்.

களப்பயிற்சிக்கு மேலூர்ப் பக்கம் போன ஒரு காலையில், ஒரு வீட்டு வாசலில் வேன் புறப்படத் தயாராக நின்றது. வீட்டுக்குள்ளே சரண்யாதேவி சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குழந்தை மாமியார் செல்லத்தாயின் மடியில் வீறிட்டது.

"பிள்ளைய மாத்திட்டாகங்கிறா, தொட மாட்டேங்கிறா. காத்துக் கருப்பு அண்டிருச்சு. கோயில்ல கொண்டுபோய் விடப் போறோம்," என்றாள் செல்லத்தாய்.

'இது உன் பிள்ளைதான்' என்ற சொல் ஜெனிஷாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, சரண்யாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேசவில்லை. வெளியே ஹாரன் அடித்தது. அப்போதும் பேசவில்லை.

"பயமா இருக்குக்கா," என்றாள் சரண்யா கடைசியில்.

"தூங்கினியா?"

"கண்ண மூட முடியல."

ஜெனிஷா கேட்டே ஆகவேண்டிய கேள்வியை நேராகக் கேட்டாள். "பிள்ளைய ஏதாச்சும் செஞ்சிரச் சொல்லி மனசுல தோணுதா?"

சரண்யா உடைந்து அழுதாள். "ஒரு குரல் சொல்லுதுக்கா. நான் மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

செல்லத்தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஜெனிஷா அவளைப் பார்த்துச் சொன்னாள்: "இது பேயுமில்ல, இவ தப்புமில்ல. பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு வர்ற நோய். மருந்து இருக்கு, குணமாகும். ஆனா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த கணவன் மருது, "ஆத்தா, வேன் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகுது. ஏறு," என்றான். ஜெனிஷா போகும் வழியிலேயே மனநல மருத்துவரிடம் போனில் எல்லாம் சொல்லி முடித்தாள்.

சிகிச்சையில் முதலில் தூக்கம் வந்தது. பிறகு குரல் ஓய்ந்தது. ஒரு மதியம் சரண்யா தானாகவே கையை நீட்டி, "பசிக்குது போல, குடுங்க," என்று பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தாள். ஜெனிஷா வராந்தாவுக்கு ஓடிப்போய், பயிற்சியைப் பார்க்க வந்திருந்த ஆனிமேரியைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

தேர்வில் முதலாவதாக வந்த ஜெனிஷா, புதுத் தாய்மார்களுக்கென்று மேலூரில் தொடங்கிய மனநலப் பிரிவுக்குப் பொறுப்பேற்றாள். கதவு திறந்த முதல் நாளே செல்லத்தாய் வந்து நின்றாள், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு.

"இவளும் தூங்க மாட்டேங்கிறாளாம். கோயிலுக்குக் கிளம்புனாக. நான்தான் மறிச்சுக் கூட்டியாந்தேன்."