புகைபோக்கிக்கு மேலே நிற்கும் தோட்டா

2019 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அரசரத்தினம் சுட்ட தோட்டாவின் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் புகைபோக்கிக்கு மேலே அது நிற்கிறது. செம்மஞ்சள் நிறம், தேசிக்காய் அளவு. அதற்குக் கீழே கூரையில் பனி தங்குவதில்லை. மேல்மாடிக்காரி மார்கழி வரை பல்கனியில் தக்காளி பிடுங்குகிறாள்.

அவரோடு உணவகச் சமையலறையில் வேலை செய்யும் ரெட்டோ, தன் பிறந்தநாளுக்கு அவரைக் காட்டோரத்துச் சுடுதிடலுக்குக் கூட்டிப்போயிருந்தான். எந்திரம் களிமண் தட்டை மேலே எறியும். அதைச் சுட வேண்டும். விளையாட்டுக்கென்று வெளிச்சத் தோட்டாக்கள் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். குறி எங்கே தவறியதென்று அவை கோடு போட்டுக் காட்டுமாம். அரசரத்தினம் மனைவிக்கு ஃபோன் எடுத்தார். "பல்கனிக்கு வா புனிதம், நான் சுடுறதைப் பார்." தட்டு தப்பியது. வெளிச்சம் கீழே விழாமல் மரங்களைத் தாண்டி, ஆறுதலாக ஊர்ந்து, வீட்டுப் பக்கம் போனது.

அவர் தொண்ணூற்றொன்றிலேயே இலங்கையை விட்டு வந்தவர். புனிதவதி கடைசிச் சண்டை முடியும்வரை வன்னியில் இருந்தவள். ஆமி பரசூட்டில் இறக்கும் பரா வெளிச்சம் தலைக்கு மேலே நின்றால் அடுத்து செல் வந்து விழுந்து வெடிக்கும் என்பது அவள் உடம்புக்குத் தெரியும். அவர் வீடு வந்தபோது தண்ணீர்ப் போத்தலையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போயிருந்தாள். இங்கே கட்டடங்களுக்குக் கீழே கொங்கிறீட் கதவு போட்ட பதுங்கறை உண்டு. சனம் அதில் பனியில் சறுக்கும் ஸ்கீயும் உருளைக்கிழங்கும் வைக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தவளும் அவள்தான். "சண்டையில்லாத ஊருக்கு இவ்வளவு பெரிய பங்கரோ? எங்களுக்குப் பங்கரை மூட ரெண்டு பனங்குத்தி கிடைச்சிருந்தாலே காணும்."

செல் வராது என்று அவர் சொன்னார். "இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள். மேலே வரவில்லை.

தீயணைப்புப் படை ஏணி வைத்துத் தண்ணீர் அடித்தது, கூரைதான் நனைந்தது. சுட்டவனே சுட்டு விழுத்தலாம் என்று ரெட்டோ சொன்னான். அரசரத்தினம் மூன்று வருடம் பழகி, கழகத்தில் வெற்றிக்கிண்ணமும் வாங்கினார். பிறகு நகரசபையின் அனுமதியோடு முற்றத்தில் நின்று வெளிச்சத்தைச் சுட்டார். குறி தப்பவில்லை. வெளிச்சம் ஒருமுறை ஆடிவிட்டு முன்னையிலும் கூடுதலாக எரிந்தது. அதுவரை பதுங்கறைக் கதவு அரைவாசி திறந்திருக்கும். அவர் வாசலில் இருந்து கதைப்பார். வெடிச்சத்தம் கேட்டதும் அவள் உள்ளேயிருந்து பூட்டினாள்.

இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இனித் தேவையில்லையென்று கட்டடத்துக்கு முன்னாலிருந்த தெருவிளக்கை நகரசபை கழற்றிக்கொண்டு போய்விட்டது. அயலவர்கள் ஸ்கீக்களைச் சைக்கிள் அறைக்கு மாற்றினார்கள். கட்டடம் பார்க்கும் அப்வார்ட் கீழறைக்கும் ஒரு மணி பொருத்தி, புனிதவதியின் பெயரை அச்சடித்து ஒட்டினார். அரசரத்தினம் வேலை முடிந்து வந்து சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைப்பார். காலையில் அது கழுவிக் கவிழ்த்திருக்கும்.

நேற்றும் மணியை அடித்துவிட்டுக் கொங்கிறீட்டில் காதை வைத்து நின்றார்.

"புனிதம், பிட்டும் இறால் குழம்பும். ஆறப்போகுது. நான் இனிச் சுடமாட்டன். கதவைத் திறக்கிறியோ?"