தில்லையம்பலத்தாரின் சுதந்திர மேடை

அமெரிக்காவில் பேச்சுச் சுதந்திரம் எப்படிக் கொடிகட்டிப் பறக்கிறது என்று ரொறன்ரோவில் யாரைக் கேட்கவேண்டும்? தில்லையம்பலத்தாரைத்தான். அந்த நாட்டுக்கு அவர் போனது ஒரேயொரு தடவை, அதுவும் நயாகராப் பாலத்தைத் தாண்டிக் காருக்கு மலிவாக நாலு ரயர் வாங்க. ஆனாலும் காரில் ஏறினால் எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரத்து வானொலிதான். அங்கே ஒருவன் மத்தியானம் முழுக்க வாய்க்கு வந்தபடி கத்துவான். கேட்பவர்கள் ரெலிபோன் எடுத்து அவனைவிட உரக்கக் கத்துவார்கள். அந்த எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் அரசாங்கமே ஈரானுக்குக் களவாக ஆயுதம் விற்ற விவகாரம் அங்கே நாறிக்கொண்டிருந்தது. விசாரணையில் சாட்சி சொன்ன இராணுவக் கேணல் வீரனா துரோகியா என்று நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. தில்லையம்பலத்தார் இரண்டு பகுதிக்கும் தலையாட்டி ரசித்தார்.

"பாத்தீரே தங்கச்சி, சனாதிபதியைக் கள்ளன் எண்டு சொல்லுறான். ஆரும் அவனைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டவையே? உதுதான் சனநாயகம்!"

தங்கச்சி என்றது புனிதவதியை. கிழமை நாட்களில் அவள் ஒரு வங்கியின் நிலக்கீழ் அறையில் காசோலை பிரிப்பவள். சனிக்கிழமை பின்னேரங்களில் தில்லையம்பலத்தாரின் 'தமிழ்ச் சோலை' வானொலி நிகழ்ச்சியில் மரண அறிவித்தல் வாசிப்பவள். மல்வேர்னில் அவளுடைய தொடர்மாடிக் கட்டடத்தின் வாசலில் அவர் கார் வந்து நிற்கும். அங்கிருந்து நிலையம் போய்ச் சேரும்வரை அவள் அமெரிக்கச் சனநாயகத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

பஃபலோக்காரனைக் கேட்டுக் கேட்டுத்தான் தில்லையம்பலத்தாருக்கும் ஆசை பிறந்தது. தன் நிகழ்ச்சியிலும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கி, நேயர்கள் ரெலிபோனில் மனம் திறந்து பேசலாம் என்று அறிவித்து, 'சுதந்திர மேடை' என்று பெயரும் வைத்தார். மனம் திறப்பவர்கள் என்ன திறக்கப்போகிறார்கள் என்பதை வியாழக்கிழமைக்கு முன்னர் அவருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கங்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது. கோயில் நிர்வாகத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விளம்பரம் தரும் பலசரக்குக் கடையின் கத்தரிக்காய் சூத்தை என்று சொல்லவே கூடாது. முதல் மேடையின் தலைப்பு 'பிள்ளைகளுக்குத் தாய்மொழி அவசியமா?' என்பது. அழைத்த ஆறு பேரும் அவசியம் என்றார்கள். காரசாரமான விவாதத்துக்கு நன்றி கூறி அவர் நிகழ்ச்சியை முடித்தார். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்.

யாழ்ப்பாணத்து ஊர்ச் செய்தியிலும் அப்படித்தான். ஆமி சுட்டால் ஆமி என்று முழங்குவார். நம்முடைய இயக்கப் பெடியள் நம்முடைய பெடியளையே சுட்டால் 'இனந்தெரியாதோர்' என்று எழுதுவார். சுட்டவன் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, தகப்பன் எங்கே வேலை, தாய்க்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் ஊர் முழுக்கத் தெரியும். தில்லையம்பலத்தாருக்கு மட்டும் இனம் தெரியாது.

அந்த ஆவணியில்தான் புனிதவதியின் தம்பி கிருபானந்தனைச் சுட்டார்கள். வயது இருபத்திரண்டு. சுட்டவன் வேறு யாருமில்லை, அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே மர வாங்கில் அருகருகே இருந்து படித்தவன், புனிதவதி கையால் எத்தனையோ நாள் புட்டு வாங்கித் தின்றவன். இருவரும் வேறு வேறு இயக்கத்துக்குப் போனார்கள். கிருபானந்தன் அங்கே என்ன செய்தான் என்று அவளுக்கு அதிகம் தெரியாது. எங்கோ சந்தியில் காவலுக்கு நிற்கிறான் என்று ஒருமுறை எழுதியிருந்தான். அவளும் தோண்டிக் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து பெரியப்பா ரெலிபோனில் சொன்னார். "செத்த வீட்டுக்கு ஒரு குஞ்சு வரேல்லைப் பிள்ளை. அவ்வளவு பயம். பேப்பர்க்காரரும் போடமாட்டம் எண்டிட்டினம். கொம்மா ஒண்டுதான் கேக்கிறா. பிள்ளை எப்பிடிச் செத்தவன் எண்டதை நீ அங்கை றேடியோவிலயாவது ஒருக்காச் சொல்லிவிடட்டாம்."

அம்மா கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் தான் என்ன அக்கா என்று புனிதவதிக்கு நெஞ்சு எரிந்தது. சனிக்கிழமை காரில் ஏறியதும் தான் எழுதிய அறிவித்தலைத் தில்லையம்பலத்தாரிடம் நீட்டினாள். அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திப் படித்தார். முகம் ஒரு சுற்று வாடியது. சட்டைப் பையிலிருந்த பேனா தானாகவே கைக்கு வந்தது.

"உம்மட கவலை எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனா 'சுட்டுக் கொல்லப்பட்டார்' எண்டு போட்டால், ஆர் சுட்டது எண்டு கேப்பினம்."

"கேக்கத்தானே வேணும் அண்ணை."

"கேட்டால் ஒரு பகுதி கோவிக்கும். சொன்னால் மற்றப் பகுதி கோவிக்கும். பிறகு ஆர் எனக்கு விளம்பரம் தாறது?"

"அப்ப ரெண்டு பகுதியையும் கதைக்க விடுங்கோவன். சுதந்திர மேடை எண்டுதானே பேர் வைச்சிருக்கிறியள்."

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் சிரிப்பு. "அமெரிக்காவிலயே றேடியோக்காரர் ரெண்டு பக்கமும் சொல்லவேணும் எண்ட விதியை இந்த மாசம் எடுத்துப்போட்டாங்கள். பஃபலோக்காரனுக்குச் சந்தோசம் தாங்கேலாது. மைக் ஆரின்ர கையிலயோ, அவன் தான் விரும்பினதைச் சொல்லலாம். அதுதான் முழுச் சுதந்திரம்."

"மைக் உங்கட கையில. நீங்கள் என்ன சொல்ல விரும்புறியள்?"

பச்சை விளக்கு விழுந்து பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. தில்லையம்பலத்தார் பொருட்படுத்தவில்லை. 'சுட்டுக் கொல்லப்பட்டார்' என்பதை வெட்டி 'அகால மரணமடைந்தார்' என்று எழுதினார். அகாலம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று யோசித்து அதையும் வெட்டினார். கடைசியில் 'இறைபதம் எய்தினார்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வயதுப் பொடியன், பென்சன் எடுத்த தலைமை வாத்தியாரைப்போலக் கட்டிலில் படுத்து, கங்கா தீர்த்தம் குடித்து, இறைபதம் எய்திவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவருக்குப் பழகிய சமையல்தான்.

புனிதவதிக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும்போலிருந்தது. கார் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எதையும் வெட்டுகிற அந்தப் பேனா ஒன்றை மட்டும் தொடாது. அது அறிவித்தலில் வரும் உறவுமுறை. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னாரின் பாசமிகு மைத்துனரும் என்று எவ்வளவு நீண்டாலும் ஒரு எழுத்தும் குறைக்கமாட்டார். முன்பொருமுறை நேரம் போகிறதென்று பக்கத்து நகரான அஜக்ஸில் இருந்த ஒரு மருமகனின் பெயரை விட்டுவிட்டார். மருமகன் ஆட்களோடு நிலையத்துக்கே வந்து கொலரைப் பிடித்தான். செத்தவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஆனால் மருமகனின் மானம் ஒன்ராறியோ மாகாணம் முழுக்கப் பறந்தது. அன்றிலிருந்து உறவுமுறைப் பகுதியை அவர் படிப்பதுகூட இல்லை. கொடுத்தபடியே போகட்டும் என்று விட்டுவிடுவார்.

கார் நிலையத்தை அடையுமுன் புனிதவதி தாளை மடியில் வைத்து அந்தப் பகுதியில் ஒரு வரி கூட்டி எழுதினாள். அவர் அதைப் பார்த்தார். யாரோ சித்தப்பன் விடுபட்டுப்போனான் என்று நினைத்திருப்பார்.

அந்த வானொலி நிலையம் தன் நேரத்தைப் பல இனத்தவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது. இவர்களுக்கு முந்திய மணித்தியாலம் போத்துக்கீசருடையது. ஒலிவாங்கிக்கு முன் புனிதவதி இருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கருவிகளோடு ரொனி என்ற இத்தாலியனும், அவனுக்குப் பக்கத்தில் தில்லையம்பலத்தாரும். அவர் ரொனிக்குப் பஃபலோக்காரனின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். தணிக்கை என்பது கோழைகளின் ஆயுதம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை வீசினார். ரொனிக்குப் பசி. சான்ட்விச்சைப் பிரித்தபடி தலையாட்டினான்.

புனிதவதி வாசித்தாள். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கந்தப்பு கிருபானந்தன் அவர்கள் இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற கந்தப்பு மற்றும் அன்னலட்சுமி தம்பதியினரின் அன்பு மகனும், புனிதவதியின் பாசமிகு தம்பியும், தன்னைச் சுட்டுக் கொன்றவரோடு பதினொரு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழனும் ஆவார்."

தில்லையம்பலத்தாரின் கை வீச்சு பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது. ரொனிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் மனிதமுகம் தெரியும். ஏதாவது பிழையா, நிறுத்தவா என்று விரலைப் பொத்தானில் வைத்துக் கேட்டான். இப்போதுதானே கோழைகளின் ஆயுதம் பற்றிப் பிரசங்கம் செய்தார்? அதோடு செத்த வீட்டு அறிவித்தலை உறவுமுறையில் அறுத்தால் சனம் சும்மா விடுமா? "நோ, நோ," என்றார் ஈனக் குரலில். ரொனி பாட்டைப் போட்டான்.

பாட்டு தொடங்கியதும் ரெலிபோனின் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக மின்னின. சுதந்திர மேடை தொடங்கி இவ்வளவு விளக்கை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீர்தானே வாசிச்சது, நீரே எடும்."

அவள் எழுந்து கண்ணாடிக்கு அப்பால் போய் எடுத்தாள். முதல் ஆள் விட்பி நகரில் இருக்கும் தூரத்து மாமன்முறை. தன் பெயரை ஏன் உறவுமுறையில் சேர்க்கவில்லை என்று கோபித்தார். இரண்டாவது ஆள் பெயர் சொல்லவில்லை. "உதை எழுதித் தந்தது ஆர்?" என்று மட்டும் கேட்டான். "நான்தான். பேர் புனிதவதி. மல்வேர்ன். வாசலுக்கு வந்து கேக்கலாம்," என்றாள். அவன் வைத்துவிட்டான். துரோகி என்ற சொல்லைக்கூடச் சொல்ல மறந்து வைத்துவிட்டான். சுவரோடு ஒட்டி நின்ற தில்லையம்பலத்தாரை அவள் ஏளனமாகப் பார்த்தாள். இவ்வளவுக்குத்தானா இந்த மனிசன் இத்தனை நாளும் நடுங்கினது?

மூன்றாவது அழைப்பில் ஒரு வயதான பெண்குரல். "இப்ப வாசிச்ச பிள்ளையோ?"

"ஓம் அன்ரி."

"நான் யோகமலர். என்ர மகனையும் போன வருசம் சுட்டவை பிள்ளை. நாங்கள் இஞ்ச வந்தும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாரடைப்பு எண்டனாங்கள். இருவது வயசுப் பெடியனுக்கு மாரடைப்பு! அதை உந்த றேடியோவில வாசிச்சதும் உம்மட குரல்தான்."

"ஆர் அன்ரி சுட்டது?"

"உம்மட தம்பியின்ர ஆக்கள் பிள்ளை. அண்டைக்கு அந்தச் சந்தியில காவலுக்கு நிண்டது உம்மட தம்பி. மறிச்சுப் பிடிச்சுக் குடுத்தது அவன்தான். நான் அப்ப ஊரிலதான் இருந்தனான், கண்ணால கண்டனான். உம்மோட சண்டைக்கு எடுக்கேல்லை. உதை வாசிச்ச மாதிரி இதையும் ஒருக்கா வாசிப்பீரோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

உது பொய் என்று கத்தப் புனிதவதிக்கு வாய் வந்தது. தம்பி செத்து ஒரு கிழமைகூட ஆகவில்லையே, அம்மாவின் காதில் இது விழுந்தால்? "உங்கட கவலை எனக்கு விளங்குது அன்ரி, ஆனா..." என்று தொடங்கினாள். தொடங்கிய பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. நிமிர்ந்தபோது தில்லையம்பலத்தாரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நீரும் நம்ம ஆள்தான் என்ற நிம்மதி. அதைக் கண்டதும் அவளுக்கு வந்த அருவருப்பில் பாதி அவருக்கு, பாதி தனக்கு.

தன் அறிவித்தல் தாளைத் திருப்பினாள். "மகனின்ர முழுப்பேரைச் சொல்லுங்கோ அன்ரி."

எழுதி முடிய, பாட்டும் முடிந்தது. தில்லையம்பலத்தார் கதவை மறித்து நின்றார். "தங்கச்சி, உமக்கென்ன விசரே? உம்மட சொந்தத் தம்பி!"

"விலகுங்கோ அண்ணை. சுதந்திர மேடைக்கு நேரமாச்சு."

அவர் விலகினார். விலகுவது அவருக்கு எப்போதும் கைவந்த கலை. புனிதவதி ஒலிவாங்கிக்கு முன் இருந்தாள். ரொனி விரலால் சைகை காட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வருடமாக ஊரே பழகிய அதே குரலில் வாசித்தாள்.

"சென்ற வருடம் மாரடைப்பால் காலமானதாக இந்நிகழ்ச்சியில் அறிவிக்கப்பட்ட செல்லையா மகிழ்நாதன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்னார் செல்லையா, யோகமலர் தம்பதியினரின் ஒரே மகனும், சற்று முன் அறிவிக்கப்பட்ட கிருபானந்தனால் சந்தியில் மறித்துப் பிடித்துக் கொடுக்கப்பட்டவரும் ஆவார். இரண்டு அறிவித்தல்களையும் வாசித்தவர் கிருபானந்தனின் அக்கா."