ஏரி நிரம்பிய ஞாயிறு

மூன்று வருஷம் கழித்துக் கடத்தூர்ப் பக்கத்து ஏரி நிரம்பியிருந்தது. ஊரே கரைமேல் நின்று கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, கவுஸ் பாஷா மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார். மழை வேண்டி மசூதியில் துஆ கேட்டவர்களில் அவரும் ஒருவர். கேட்டதை ஆண்டவன் கொடுத்துவிட்டான். இனி யாரிடம் போய் நொந்துகொள்வது?

ஏரி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்த காலத்தில், பட்டாளத்திலிருந்து திரும்பிய மெக்கானிக் பச்சியப்பன் அதற்குள் சுண்ணாம்புப் பொடியால் வளைந்து நெளிந்து ஒரு பாதை போட்டு, ஓரங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, பைக் ஓட்டும் கிளப் ஒன்றை ஆரம்பித்தார். சந்தா கட்டினால் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் வரை ஆசை தீர ஓட்டலாம். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். பச்சியப்பன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஏரிக்குள் இறங்கினால் பேர் கிடையாது, ஊர் கிடையாது, உத்தியோகம் கிடையாது; வண்டி முன்னால் கட்டிய தகரத்தில் இருக்கும் நம்பர்தான் ஆள். சார், மோர் எல்லாம் கரையோடு சரி. "மரியாதை பாத்தா எவனடா முந்துவீங்க?" என்பார்.

கவுஸ் பாஷாவின் நம்பர் ஏழு. தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே குஷன் கடை வைத்து வண்டி சீட்டுகளுக்கு ரெக்சின் தைக்கிறவர். நாற்பத்திரண்டு வயது. மனைவி சுல்தானா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. கடைக்கு வருகிறவர்கள் 'பாய்' என்பார்கள், மரியாதையாக, எட்ட நின்று. அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தவர்கள் இந்த ஏரிக்கூட்டம்தான். அதிலும் யெஸ்டி வண்டிக்காரன் ஒன்பது. "டேய் ஏழு, வளைவுல ஏண்டா பொண்ணு பாக்கப் போறவனாட்டம் போற?" என்று கத்திக்கொண்டே முந்துவான். ஓட்டி முடித்ததும் டிபன் டப்பாவைத் திறந்து, கேட்காமலே பாதியை நீட்டுவான். அந்த ஒரு 'டேய்'க்காக கவுஸ் பாஷா மாதம் முழுக்கக் காத்திருந்தார்.

ஏரி நிரம்பிய அந்த ஞாயிறு ஒவ்வொருவராகக் கரைக்கு வந்தார்கள். மூன்று வந்ததும் வராததுமாகப் பச்சியப்பனைப் பிடித்துக்கொண்டான். "இந்த மாசத்துக்குக் கட்டுனது என்னா ஆவறது?" பதினொன்று, "ஒகேனக்கல்ல இருந்து பரிசல் எடுத்தாந்து ரேஸ் உடலாம்டா" என்றான், அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. நான்கு வந்த வேகத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஐந்துக்கு மட்டும் வாயெல்லாம் பல். ஏரிக்குக் கீழே அவனுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. "நடவு நட்டு மூணு வருசம் ஆச்சு, என்னை உட்ருங்கடா" என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மதகுப் பக்கம் ஓடினான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

பச்சியப்பன் சட்டைப் பையில் இருந்ததை மூன்றின் கையில் திணித்தார். "வேற எடம் இல்லடா. தொப்பூர் ரோட்டுல இப்பிடி ஓட்டுனா பொணமாத்தான் வூட்டுக்குப் போவீங்க. நான் ஓசூருக்கு வேலைக்குப் போறேன். கிளப்பு முடிஞ்சுது."

"ஓட்டாட்டி போவுது," என்றார் கவுஸ் பாஷா. குரல் அவருக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது. "அடுத்த ரெண்டாவது ஞாயிறு சும்மானாச்சும் இங்க வந்து உக்காந்து பேசலாம்டா."

"பாக்கலாம்டா," என்றான் ஒன்பது. மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லோரும் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷம் பழகியும் ஒருவன் பேரும் தெரியாது, ஒருவன் வீடும் தெரியாது.

அடுத்த இரண்டாவது ஞாயிறு விடிந்ததும் போய்க் கரையில் உட்கார்ந்தார். உச்சிவெயில் வரைக்கும் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "மீன் புடிக்க வந்தீங்களாங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க," என்றார். வேறு என்ன சொல்வது?

தை மாதத்தில் ஒரு காலை. கடையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த யெஸ்டியின் சத்தம் கேட்டது. ஆளைப் பார்க்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டார். ஒன்பதேதான். தேய்த்த சட்டை, பையில் பேனா, பின்னால் மனைவி. கவுஸ் பாஷாவின் நாக்கு நுனி வரைக்கும் 'டேய்' வந்துவிட்டது.

அவன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. சட்டென்று பார்வையை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சீட்டு கிழிஞ்சிருச்சிங்க பாய். எப்பத் தருவீங்க?"

"தெரிஞ்ச கடையாங்க?" என்று மனைவி அவனைக் கேட்டாள்.

"இல்ல. இப்பத்தான் வர்றேன்."

அவன் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அந்த 'ங்க பாய்' அளவுக்கு வலித்திருக்காது. "மூணு மணிக்கு வாங்க சார்," என்றார் கவுஸ் பாஷா.

ஒரு மணி நேர வேலை. பன்னிரண்டுக்கெல்லாம் தைத்து முடித்து, சீட்டை மாட்டி, உள்ளங்கையால் தட்டியும் பார்த்துவிட்டார். பிறகு அவர்கள் கடையோரம் விட்டுப்போன அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு இது போய்விடும். எழுந்து சீட்டைத் திரும்பக் கழற்றினார். மடியில் வைத்து, ஊசி முனையால் முதல் தையலை நெம்பிப் பிரித்தார். அப்புறம் அடுத்ததை.

மூன்று மணிக்கு ஒன்பது தனியாக வந்து நின்றான். பாதி சீட்டு பிரிந்து கிடந்தது. முறுக்குக் குலையாத புது நூல் துண்டு துண்டாகத் தரையெல்லாம் சிதறியிருந்தது. அவன் அதையே பார்த்தபடி நின்றான். கவுஸ் பாஷா தலை நிமிராமல் அடுத்த தையலை நெம்ப ஊசியைக் கொடுத்தார்.