இரவல் பிள்ளை

தரும ஆஸ்பத்திரியின் வண்டி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். நர்ஸம்மா தராசைத் தொங்கவிட்டு ஊர்ப் பிள்ளைகளை எடை போடுவார். அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பெரிய பொட்டலமாகச் சத்துமாவு. மேலே இருந்தால் நர்ஸம்மாவின் சிரிப்பு மட்டும். சிரிப்பைக் கரைத்துக் குடிக்கவா முடியும்?

கோட்டுக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு பிள்ளைதான். செங்கல் சூளையில் கல் சுமப்பவளின் மகன். இரண்டு வயதாகியும் எட்டு கிலோவைத் தொடாதவனுக்கு ஊர் வைத்த பெயர் ஈர்க்குச்சி. மூத்ததைப் பறிகொடுத்தவள் அவள். இவனாவது தங்குவானா என்ற பயம், தலைச்சுமையை இறக்கிய பிறகும் அவளை விட்டு இறங்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து நின்றாள்.

"அக்கா, உன் புள்ளையக் கொஞ்சம் குடேன். எடை போட்டுட்டு வந்துடறேன்."

"உன் புள்ள எங்க?"

"அதை வெச்சா தராசு அறுந்துடும்க்கா."

தாய்க்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நோஞ்சான் பிள்ளைக்கு இத்தனை கிராக்கியா! கொடுத்தாள். தையல்காரி பொட்டலத்தோடு திரும்பியதைப் பார்த்து, அடுத்த மாதம் ஆறு பேர் வரிசைகட்டினார்கள். சட்டையை மாற்று, தொப்பியைப் போடு, வண்டிக்குப் பின்னால் கைமாற்று. ஈர்க்குச்சி அன்றைக்கு ஏழு தடவை தராசேறினான்.

ஆனால் பயல் லேசுப்பட்டவன் இல்லை. புதுமுகம் தூக்கினால் ஊரைக் கூட்டிவிடுவான். குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதனால் ஆறு பேரும் முறை வைத்து, தினம் ஒரு வீடாக அவனைத் தூக்கிப்போய்ப் பழக்கினார்கள். பழக்குவதென்றால் சும்மாவா? வாழைப்பழம், அவித்த முட்டை, பால். கொடுப்பது குறைந்தால் தொண்டையைத் திறந்தான். தாயோ நிம்மதியாகச் சூளைக்குப் போனாள்.

ஐந்து மாதம் ஓடியது. அன்றைக்குத் தையல்காரி அவனைத் தராசில் உட்கார வைத்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பத்துக் கிலோவில் போய் நின்றது.

"முள்ளு கெட்டுப்போச்சு போல, நர்ஸம்மா."

அடுத்தவள் வைத்தாள். பத்து. கடைசியாகப் பெற்றவள் வைத்தாள். பத்தேதான்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டு வருஷமா எடை போடறேன். ஏழு புள்ளைங்க ஒரே நாள்ல தேறினது இங்கதான். ஏழு பேருக்கும் காதுல ஒரே எடத்துல மச்சம் வேற. யாருக்கும் மாவு கிடையாது, கெளம்புங்க."

வண்டி நகர்ந்ததும் ஆறு பேரும் தாயின் மேல் பாய்ந்தார்கள். "எங்க சோத்தையே தின்னுட்டு எங்க வாயிலயே மண்ணப் போட்டுட்டானே உன் புள்ள!" தையல்காரியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே நின்றது.

தாய்க்கு எதுவும் காதில் ஏறவில்லை. எடை அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடுத்தெருவென்றும் பாராமல் ஓவென்று அழுதாள். இவன் தங்கிவிட்டான்.

அழுது முடித்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். தையல்காரி வழிமறித்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போற? இன்னிக்கு எங்க வீட்டு முறை."

"இனிமேதான் மாவு கெடையாதே."

"அதுக்காகப் புள்ளையப் பட்டினி போடுவியா? குடுக்கா இப்படி."