பொம்மைக்கு வேர்க்காது

எங்கள் கடைத்தெருவில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வாளி அண்ணன் என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை நான் எத்தனை பெருமையாகச் சுமந்தேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நான் விற்பது மழைக்கோட்டு. பைக் ஓட்டுகிறவர்கள் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்ளும் மேல்சட்டையும் கால்சட்டையும் கொண்ட ஜோடி. கடை வாசலில் தலையில்லாத பிளாஸ்டிக் பொம்மை ஒன்று நிற்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். முகம் இல்லாததால் முகம் சுளிக்காத மாப்பிள்ளை. "இது ஒழுகாதா?" என்று யாராவது கேட்டு வாய் மூடுவதற்குள் மாப்பிள்ளைக்குக் கோட்டை மாட்டி, உள்ளே அன்றைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தோளில் இரண்டு வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பேன். பிறகு தாளை உருவிப் பிரித்து, தலைப்புச் செய்தியைக் கணீரென்று படிப்பேன். காய்ந்த தாள் சரசரக்கும், கூட்டம் சிரிக்கும், கோட்டு விற்றுவிடும்.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்கும் கடைக்கும் நாலு நிமிட நடை. மழை நாளில் எனக்குக் குடை போதும். பதினாறு வருடமாக மழைக்கோட்டு விற்கிறவன், ஒரு நாள்கூட அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியதில்லை.

என் தங்கை வீடு வீடாகப் போகிற நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுவாள், ஊசி போடுவாள், திருப்பிப் படுக்க வைப்பாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடுகள், எல்லாம் பைக்கில்தான். இந்த வருடம் புது நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

மழை ஆரம்பித்த வாரம் கடைக்கு வந்தாள். தொங்கிய கோட்டுகளையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு ஒரு நீலக் கோட்டை எடுத்தாள். மெல்லிய துணி, கக்கத்தில் ஜிப், முதுகில் ஒரு மடிப்புக்கு அடியில் காற்றுப் போக வழி, உள்ளே வலைத்துணி.

"இது நல்லாருக்கும் போலண்ணா. எவ்வளவு மழை பெஞ்சாலும் இங்க புழுக்கம் மட்டும் போறதில்ல. இதுல காத்து வரும்ல?"

"காத்து வர்ற வழியில தண்ணியும் வரும்," என்றேன். "நீயே ஓட்டை போட்டு வெச்சுட்டு அப்புறம் ஒழுகுதுன்னு என்கிட்டயே வந்து நிப்ப." கனத்த பச்சைக் கோட்டை இழுத்து அவள் கையில் திணித்தேன். "இதப் பாரு, ரப்பர் பூசினது. வெள்ளத்துல நின்னாலும் உள்ள ஒரு சொட்டு எறங்காது."

"கனமா இருக்கே."

"நர்ஸ் வேலை உனக்குத் தெரியும், கோட்டு எனக்குத் தெரியும். எப்படி ஊசி போடணும்னு நான் என்னைக்காவது உனக்குச் சொல்லியிருக்கேனா?"

சிரித்துவிட்டாள். அண்ணன் சும்மா கொடுத்தது என்பதால் அதற்கு மேல் மறுபேச்சும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும், நல்ல மழை. மழைக்கு ஒதுங்கியவர்களும் கோட்டு பார்க்க வந்தவர்களுமாகக் கடையில் பத்துப் பேர். எதிர்ப்பக்கம் வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக்கும் வழக்கம்போல என் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தங்கை பச்சைக் கோட்டோடு சொட்டச் சொட்ட வந்தாள். என்னைக் கல்லாவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணா, இதப் போட்டா நனையறேன்."

"எங்க நனையற?"

"உள்ள. சட்டையெல்லாம் தொப்பலாப் போகுது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் அப்படியே போய் நிக்கறேன். வாடை அடிக்குது, நோயாளிகிட்ட இப்படி வந்தா எப்படின்னு ரெண்டு வீட்டுல ஆபீசுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. இன்னும் ஒரு புகார் வந்தா நின்னுக்கன்னு சொல்லிட்டாங்கண்ணா. அந்த நீலத்த மாத்திக் குடேன்."

வேலை போகப்போகிறது என்று சொல்கிறாள். என் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: வாளி அண்ணன் கோட்டு ஒழுகுகிறது.

"என் கோட்டு ஒழுகுதா?" கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "கழட்டு அத!"

அவள் தயங்கினாள். நான் கையை நீட்டியபடி நின்றேன். கழற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு மாட்டினேன். தாளைத் திணித்தேன். வழக்கமாக இரண்டு வாளி. அன்றைக்குக் கோபத்தில் மூன்று. தாளை உருவி எல்லோருக்கும் தெரியும்படி உதறினேன். சரசரவென்று காய்ந்து கிடந்தது.

"பாத்தியா? கோட்டு ஒழுகல. ஒழுகறது நீ. தினம் குளிச்சுட்டுதானே வேலைக்குப் போற?"

மெக்கானிக்குக்கு டீ புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. மற்றவர்களும் சிரித்தார்கள். தங்கையின் வெள்ளைச் சீருடை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் தலைப்புச் செய்தியைப் படித்தேன்.

அவள் மாப்பிள்ளை மேலிருந்து கோட்டைக் கழற்றி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு, "வரேண்ணா," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் ஆறு பச்சைக் கோட்டு விற்றது.

அடுத்த வாரம் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் காவலாளிகளுக்குக் கோட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சரக்கு ஏற்றும் வண்டிக்காரர் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று பைக்கில் மூட்டையைக் கட்டி, பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெரிய மழை இல்லை, தூறல்தான். ஆனால் புழுக்கம் ஆளைக் கொன்றது.

பத்து நிமிடத்தில் கழுத்தடியில் பிசுபிசுத்தது. இருபது நிமிடத்தில் முதுகில் ஓடை ஓடியது. சிக்னலில் நின்றபோது முழங்கை மடிப்பிலிருந்து இறங்கி, மணிக்கட்டு வழியாக விரல் நுனியில் சொட்டியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியே போகவும் இல்லை. மூடி போட்ட பாத்திரத்துக்குள் உட்கார்ந்து நான் வெந்துகொண்டிருந்தேன்.

தொழிற்சாலை வாசலில் கோட்டைக் கழற்றினேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும். தலைமைக் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், உங்க கோட்டே ஒழுகுதா?"

"ஒழுகலைங்க. இது வேர்வை."

அவர் மூக்கை லேசாகத் திருப்பிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார், அவ்வளவுதான். மரியாதையான மனிதர். அந்த ஓர் அடியை என் தங்கை எத்தனை வீட்டு வாசலில் பார்த்திருப்பாள்!

"எங்க ஆளுங்க எட்டு மணி நேரம் நிக்கணும் சார்," என்றார். "வேற ஏதாவது இருந்தா கொண்டாங்க."

மூட்டையைத் திரும்பக் கட்டினேன். பதினாறு வருடம் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தேன். பொம்மைக்கு வேர்க்காது. இது தெரிய ஒரு தடவை வண்டி ஓட்டியிருந்தால் போதும், இல்லையென்றால் ஓட்டுகிறவள் சொன்னபோது கேட்டிருந்தால் போதும். திரும்பி வரும் வழி முழுக்க, கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு அவள் நின்றதுதான் கண் முன்னால் நின்றது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

கடைக்கு வந்ததும் நீலக் கோட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். சீருடைக்கு மேல் தாராளமாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரியது. ஃபோனை மட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள், நேரில் கொடுத்துக்கொள்வோம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இன்னொரு புகார் என்றால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் மூன்று நாள் சும்மா இருந்தேன்.

ஞாயிறு மதியம். மழை விட்டபாடில்லை. பையோடு மாடி ஜன்னலில் நின்றேன். தெருமுனையில் அவள் பைக் திரும்பியது. மேலே நீலக் கோட்டு. எங்கள் கடைச் சரக்கு இல்லை. கையில் மஞ்சள் பட்டை போட்டது, பக்கத்துத் தெருக் கடையில் விற்பது.

வீட்டுக்கு வராமல் அங்கேயே, மூடிக் கிடந்த மருந்துக்கடைக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். நீலக் கோட்டைக் கழற்றி உதறி மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்தாள். அதன் அடியிலிருந்து பச்சைக் கோட்டை எடுத்தாள். மேல்சட்டை, கால்சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் நிதானமாகப் போட்டாள். பிறகு அந்த ஐம்பதடி தூரத்தை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறங்கினாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போக வெட்கமாக இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து, "கதவத் திறங்க!" என்று குரல் கொடுத்தாள். போனேன்.

"கோட்டு எப்படி இருக்கு?" என் வாயிலிருந்து இதுதானா வர வேண்டும்?

"நல்லாருக்குண்ணா. நான்தான் அன்னைக்குச் சரியா பொத்தான் போடல போல."

எனக்காகப் பொய் சொல்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"மேல ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன்," என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. கோட்டிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேலை?"

"இருக்கு. அத வாங்கினதுக்கப்புறம் யாரும் எதுவும் சொல்லல."

கதவைச் சாத்தினேன். "தப்பு என் மேலதான்மா. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க."

பச்சைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "கடையில பத்துப் பேர் முன்னாடி பேசின. மன்னிப்பு மட்டும் கதவச் சாத்திட்டுக் கேக்கற."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய் அண்ணியோடு தட்டு எடுத்து வைத்தாள், சாப்பிட்டாள், கதை பேசினாள். கிளம்பும்போது, "நாளைக்குக் கடைப் பக்கமா வருவியா?" என்று கேட்டேன்.

"பதினோரு மணிக்கு அந்த வழியாத்தான் போவேன். பாக்கலாம்."

மறுநாள் பத்து மணிக்குக் கடையில் மின்விசிறியை நிறுத்தினேன். பச்சைக் கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். மெக்கானிக், "என்னண்ணே, மாப்பிள்ளைக்கு லீவா?" என்றான். மழை வலுத்தது, கூட்டம் சேர்ந்தது. பதினொன்றைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் நீலக் கோட்டு வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

எழுந்தேன். பழக்க தோஷம், கை வாளிக்குப் போனது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். சட்டை உடம்போடு ஒட்டி, வேட்டையாடிய நாய்போல மூச்சு வாங்க, அத்தனை பேர் முன்னாலும் நின்றேன். யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கைகள் தானாகவே குறுக்கே வந்தன. கீழே இறக்கினேன்.

"என் தங்கச்சி சொன்னது நிஜம். இந்தக் கோட்டுக்குள்ள மனுஷன் நனைவான். ஒண்ணும் தெரியாம நான்தான் அவள இங்க வெச்சு அசிங்கப்படுத்தினேன்."

வாளி அண்ணனின் கணீர்க் குரல் எங்கே போனதோ! எனக்கே கேட்கவில்லை.

மெக்கானிக் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "சத்தமா சொல்லுண்ணே. மழையில அவங்களுக்குக் கேக்கல."

அவள் இன்ஜினை அணைத்தாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.