குவைத்திலிருந்து வந்த சத்து மாத்திரை

கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்யும் அமலிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும், குவைத்தில் வேலை பார்க்கும் தம்பி ஜெபக்குமார் நான்கு டப்பா சத்து மாத்திரை அனுப்பினான். எதை எந்த வேளைக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியிருந்தான். அமலி வேளை தவறாமல் விழுங்கினாள்.

மூன்றாவது கீமோ ஊசிக்குப் போனபோது, வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். அமலி பையிலிருந்த டப்பாக்களை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"ஊசி முடியிற வரைக்கும் இது வேண்டாங்க. இதுல சிலது மருந்து வேலை செய்யிறதக் கெடுக்கலாம். நோயக் குணமாக்கும்னும் யாரும் நிரூபிக்கல. முட்டை, மீனு, பருப்புன்னு நல்லாச் சாப்பிடுங்க."

மாத்திரையை நிறுத்துவது அமலிக்குச் சுலபமாகத்தான் இருந்தது. தம்பியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பத்து நாள் போனில் "சாப்பிடுறேன்ப்பா" என்றே சமாளித்தாள். அடுத்த நாலு டப்பாவும் வாங்கிவிட்டதாக அவன் சொன்ன அன்று, உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

ஜெபக்குமார், "இங்க இருந்துக்கிட்டு நான் வேற என்னத்தக்கா செய்யிறது?" என்றான்.

"மருந்து ஏறுறப்ப நாலு மணி நேரம் சும்மா கெடக்கணும். அப்பப் பேசு."

அடுத்த ஊசியிலிருந்து அவன் அழைத்தான். வெயில், சாப்பாடு, மேஸ்திரியின் கோபம் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருந்தான். கட்டி சுருங்கியது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் அழைத்தபோது மட்டும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஊரில் அன்று என்னென்ன மீன் பட்டது என்று அமலி விசாரித்து வைத்திருந்தாள். அதை ஒவ்வொன்றாக அவனுக்குச் சொன்னாள்.