சுண்ணாம்புக்கு அடியில் ஒரு சண்டை

பௌசியாவுக்குப் பனி என்றால் உயிர். கள்ளக்குறிச்சி வெயிலில் வளர்ந்தவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கக் கூடாது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில், தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தாலே அவளுக்குக் குதிரை வண்டி பனியில் சறுக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் அவளைக் கரியாலூருக்கு இழுத்தது பனி அல்ல, ஒரு சுவர்.

தங்கதுரை, பெரியநாயகி என்ற எழுத்தாளத் தம்பதி அந்த மலையூரில் ஓட்டு வீடு ஒன்றில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு அத்தியாயமாக நாவல் எழுதியவர்கள். கதையை எப்படிக் கொண்டுபோவது என்று சண்டை வந்தால், எழுதும் அறையின் சுவரில் கரிக்கட்டையால் வாதாடிக்கொள்வார்களாம். அவர்கள் காலத்துக்குப் பிறகு வாசகர்கள் கூடி அந்த வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். கடைசி நாவலில், கதாநாயகி கையில் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது புத்தகம் முடிந்துவிடும். அவள் போனாளா, இல்லையா? பதில் அந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து பௌசியாவுக்குத் தூக்கம் கெட்டது.

அண்ணன் சுஐப் பாத்திரக் கடையை விட்டு நகர்ந்தால்தானே கூட்டிப்போக? அதற்கு ஒரு மறியல் வரவேண்டியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கும் போராட்டம். போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலையின் குறுக்கே படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் எல்லாம் அடைப்பு.

"சும்மாதானண்ணே குந்திக்கினு இருக்க. கூட்டிக்கினு போயேன்."

"சுவரு பாக்கணுமாம் சுவரு! நம்ம கடைச் சுவத்துல போராட்டக் கோஷம் எழுதி வச்சிருக்கானுங்களே, அது பத்தாதா உனுக்கு?"

ஆனாலும் மொபெட்டை எடுத்தான்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் விழுந்து கிடந்த மரத்தின் மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாங்க, எங்க போறீங்க?"

"செத்துப்போனவங்க வூட்டுக்கு" என்றாள் பௌசியா, கொஞ்சமும் பொய் சொல்லாமல்.

"டேய், சாவு வூடாம்டா! தூக்கி வுடுங்கடா வண்டியை!" நாலு பேர் சேர்ந்து மொபெட்டை மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவன் "மனசத் தேத்திக்கோங்க" என்று ஆறுதலும் சொன்னான். சுஐப் சிரிப்பை அடக்கியதில் வண்டி ஆடியது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மொபெட் மூச்சு வாங்கி நிற்க, பாதி மலையைப் பௌசியா நடந்தே ஏறினாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தைலம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, நடுவில் ஒரே மேசை, இரண்டு மைக்கூடு. பௌசியா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

சுவர் வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"எழுத்து இருக்குமே... எங்கங்க?"

"அதுவா? பூசிட்டேன்" என்றாள் தைலம்மாள் பெருமையாக. "போன மாசந்தான் வேலைக்கு வந்தேன். கீழ ஊருங்கள்ல சுவத்துல கோஷம் எழுதினவங்களயெல்லாம் போலீசு புடிச்சிக்கினு போவுதாமே. வெளிச் சுவத்துல எவனோ எழுதிட்டுப் போயிட்டான், பூசினேன். உள்ள வந்து பாத்தா இங்கயும் எழுத்து! எனக்குப் படிக்கத் தெரியுமா? செத்தவங்க மேலயா கேசு போடுவான், என் மேலதான போடுவான்?"

பௌசியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தைலம்மாளுக்குப் பதறிப்போயிற்று. ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பௌசியா முகத்தைக் கழுவிக்கொண்டு, எழுந்திருக்க ஈரக்கையைச் சுவரில் ஊன்றினாள். கையை எடுத்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு 'போ' தெரிந்தது.

"அண்ணே! துண்டக் குடு!"

"சுண்ணாம்பு எத்தினி பூச்சும்மா பூசுன?" என்று கேட்டான் சுஐப், துண்டை நனைத்தபடி.

"ஒண்ணுதான். லாரி வந்தாத்தான சுண்ணாம்பு? கம்மியா இருந்துச்சி, தண்ணியா கலக்கிப் பூசினேன்."

தேய்த்தால் கரி கலைந்துவிடும் என்று பௌசியா துண்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். சுண்ணாம்பு நனைய நனைய, அடியில் இருந்த எழுத்து மேலே வந்தது.

'அவள் போகக் கூடாது. போனால் கதை முடிந்துவிடும்.' இது சாய்ந்த எழுத்து, தங்கதுரை.

'போனால்தான் கதையே ஆரம்பம்.' இது குண்டு எழுத்து, பெரியநாயகி.

'நான் சம்மதிக்க மாட்டேன்.'

'களி ஆறுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுக்கவும்.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மேல் வரி ஏற்கெனவே காய்ந்து மறைந்துகொண்டிருந்தது. பௌசியா குனிந்து, தரையை ஒட்டிய மூலை வரைக்கும் ஒற்றிக்கொண்டே போனாள். அங்கே, மிகச் சின்னதாக, சாய்ந்த எழுத்து:

'சாப்பிட்டேன். போகட்டும்.'

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணிலும் தண்ணீர்.

"இன்னாம்மா எழுதியிருக்கு?" தைலம்மாளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. பௌசியா படித்துச் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "களியப் போட்டே காரியத்த முடிச்சிருக்கு பாரேன் அந்தம்மா!"

கொஞ்ச நேரத்தில் சுவர் மறுபடி வெள்ளையாகிவிட்டது. தைலம்மாள் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து சுவரோரம் வைத்தாள். அதன் மேல் ஈரத்துண்டை நாலாக மடித்துப் போட்டாள். "இனிமே வர்றவங்க நனைச்சிப் பாத்துக்கட்டும். தேய்க்க மட்டும் வுட மாட்டேன்."

"எம்மா, அது என் துண்டு!" என்றான் சுஐப்.

"இருக்கட்டும்ணே" என்றாள் பௌசியா. வாசலுக்குப் போய், கையில் பெட்டி இருப்பது போல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மலைப்பாதையில் அவனுக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள்.